இரண்டு வீடு ஒரு வீடாகும்போது: பிள்ளைகளோடு மறுமணம் செய்துகொள்பவர்களுக்கு

மறுமணம் என்று முடிவானதும் சொந்தபந்தம் முதலில் கேட்பது, "பிள்ளைங்க ஒத்துக்கிட்டாங்களா?" நல்ல கேள்விதான். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் பேச்சு பெரும்பாலும் பிள்ளையின் காதுபடவே வரும்: "அடுத்தவர் பிள்ளையைத் தன் பிள்ளையா ஏத்துக்கிறாரே, காலத்துக்கும் நன்றியோட இருக்கணும்." அப்பாவையோ அம்மாவையோ சாவில் இழந்த, இல்லை அவர்கள் பிரிந்துபோனதைப் பார்த்த ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் கடனையும் சேர்த்து ஏற்றிவைக்கிற பேச்சு அது. அதை யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். மாமியாராக இருந்தாலும் சரி.

நான் மனைவியை இழந்த ஒருவரை மணந்தவள். அவருக்கு ஒரு மகள். எனக்கு முதல் திருமணத்தில் ஒரு மகன். எங்கள் வீட்டிலும், இதே நிலையில் இருக்கும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் பார்த்ததை வைத்து ஒன்று உறுதியாகச் சொல்வேன்: இப்படிச் சேரும் குடும்பத்தில் நன்றி பெரியவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தது நாம். தன் வீட்டையும், தன் அப்பாவின் பக்கத்து இடத்தையும் விட்டுக்கொடுப்பது பிள்ளை. இது மனதில் இருந்தால் கீழே சொல்லும் படிகள் எல்லாம் எளிது.

முதல் படி: பெற்றவரே சொல்ல வேண்டும்

மண்டபம் பேசிய பிறகு ஏதோ ஒரு அத்தை வந்து "உனக்குப் புது அம்மா வரப்போறாங்க" என்று கன்னத்தைக் கிள்ளிச் சொல்லித் தெரியவரக் கூடாது. பெற்றவர் தனியாக உட்கார்ந்து, நாள் குறிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். "புது அம்மா", "புது அப்பா" என்ற பேச்சே வேண்டாம். "நான் இவரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். நீ என்கூடத்தான் இருப்பே. உன் ஸ்கூல் மாறாது. அம்மாவைப் பத்தி எப்ப வேணும்னாலும் பேசலாம்." இவ்வளவு போதும். பிள்ளைகளின் கவலை பெரும்பாலும் கைக்கெட்டும் விஷயங்களைப் பற்றியது. ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது, ஸ்கூலுக்கு யார் கொண்டுபோய் விடுவது, லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போகலாமா. இவற்றுக்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பள்ளியோ வீடோ மாறத்தான் போகிறது என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

இரண்டு பக்கப் பிள்ளைகளை முதன்முதலாகச் சந்திக்க வைக்கும்போது ஹாலில் எதிரெதிரே உட்காரவைத்து "பேசுங்க, பேசுங்க" என்று விரட்டாதீர்கள். ஒரு கேரம் போர்டைப் போடுங்கள். இல்லையென்றால் பார்க், பீச் என்று கூட்டிப்போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். போதவில்லை என்று அவர்களாகச் சொல்லும் அளவுக்கு இருந்தால் நல்லது.

கல்யாண நாளைப் பரீட்சை சமயத்தில் வைக்காதீர்கள். முழு ஆண்டு விடுமுறையில் வைத்தால் பள்ளி திறப்பதற்குள் வீடு ஓரளவு பழகிவிடும். மேடையில் நிற்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லி அதட்டினால் அந்தப் போட்டோவைப் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

கூப்பிடும் முறை

இதில்தான் நிறைய வீடுகளில் முதல் முட்டல் வருகிறது. "அம்மான்னு கூப்பிடு" என்று பழக்குவது பெரியவர்களின் அவசரம். சித்தி, சின்னம்மா, சித்தப்பா என்று நம்மிடம் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. சித்தி என்ற சொல்லை சினிமாவும் சீரியலும் கெடுத்து வைத்திருக்கின்றன என்று தோன்றினால் பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிடலாம். அங்கிள், ஆன்ட்டி என்று பழகிவிட்டால் அதுவும் இருக்கட்டும். என் மகன் என் கணவரை ரொம்ப நாள் எந்த முறையும் சொல்லாமல் "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிட்டான். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார். அதுதான் முக்கியம்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது சீக்கிரம் வந்துவிடும். அதற்குள் ஒரு வலி ஒளிந்திருக்கிறது. இதுவரை மூத்த பிள்ளையாக இருந்தவள் ஒரே நாளில் இரண்டாவது பிள்ளையாகிவிடுவாள். தீபாவளிக்கு முதல் வெடி கொளுத்துவது, முன் சீட்டில் உட்காருவது, அப்பாவோடு கடைக்குப் போவது என்று அவளுக்கென்று இருந்த முதல் உரிமைகள் எவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றில் ஒன்றிரண்டையாவது அவளுக்கே விட்டுவையுங்கள்.

வெளியாட்களிடம் அறிமுகம் செய்யும்போது "இது அவரோட பொண்ணு, இது என் பையன்" என்று பிரிக்காதீர்கள். "எங்க பொண்ணு, எங்க பையன்." மேற்கொண்டு துருவுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

வீடும் பாத்திரமும்

முடிந்தால் இரு தரப்புக்கும் புதிதான ஒரு வாடகை வீட்டில் தொடங்குங்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற பேச்சே எழாது. முடியாதபோது, ஏற்கெனவே இருக்கும் பிள்ளையின் இடத்தைச் சுருக்காமல் வருகிற பிள்ளைக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பூட்டுப் போடக்கூடிய ஒரு அலமாரித் தட்டு அவசியம். கட்டில் பொதுவாக இருக்கலாம், அந்தத் தட்டு பொதுவாக இருக்கக் கூடாது.

சமையலறையை உடனே மாற்றாதீர்கள். நான் போன வீட்டில் எவர்சில்வர் தூக்கிலும் சம்புடத்திலும் மகளின் அம்மா பெயர் வெட்டியிருந்தது. "இதையெல்லாம் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கம்மா" என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் மகளிடம் கேட்டேன். எதை எடுத்துப் புழங்கலாம், எதை எடுத்து வைக்கலாம் என்று அவளே பிரித்தாள். புழக்கத்துக்கு என்று அவள் ஒதுக்கியதில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சீரகமும் கடுகும் இருக்கின்றன. மீதியை ஒரு பெட்டியில் போட்டு அவள் பெயர் எழுதிப் பரணில் வைத்தோம்.

சாப்பாட்டுக்கும் இதே அக்கறை வேண்டும். அவளுடைய டிபன் பாக்ஸ் சில வாரங்கள் பாதி சாதத்தோடு திரும்பி வந்தது. என்ன செய்தாலும் ஒரு குறை. கடைசியில் அவளுடைய ஆச்சிக்கு, அதாவது அவள் அம்மாவைப் பெற்றவருக்கு, போன் போட்டேன். அவர் மறுநாளே பஸ் ஏறி வந்து அடுப்பங்கரையில் நின்று பருப்புப் பொடி எப்படி என்று செய்து காட்டினார். துவரம்பருப்பைக் கருகாமல் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் வறுத்துச் சேர்த்து, உப்போடு கரகரப்பாகத் திரித்துவிட்டு, கடைசியாகத் தோலோடு பூண்டைப் போட்டு ஒரே ஒரு சுற்று. "அவளுக்குப் பூண்டு வாயில தட்டுப்படணும்" என்றார். அந்தப் பொடி போட்டுப் பிசைந்த சாதம் மறுநாள் மிச்சமில்லாமல் தீர்ந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆச்சிக்குப் போன் போட்டு டப்பா காலி என்று சொன்னபோது, பெண்ணைப் பறிகொடுத்த அந்த மனுஷி சந்தோஷப்பட்டதைக் கேட்கக் கொடுத்துவைத்திருந்தேன். பழைய உறவுகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதால் நம் இடம் குறைந்துவிடாது.

யார் கண்டிப்பது

முதல் ஓரிரு வருடங்களுக்குப் பெற்றவர்தான். மார்க் குறைந்தாலும், செல்போன் பார்த்தாலும், எதிர்த்துப் பேசினாலும். புதிதாக வந்தவர் பிள்ளையோடு உறவை வளர்க்கும் வேலையை மட்டும் பார்த்தால் போதும். மறுமணத்தால் இப்படிச் சேர்ந்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பட்ரீஷியா பேப்பர்நவும் திருத்துவதற்கு முன் உறவு வேண்டும் என்றுதான் சொல்கிறார். பெற்றவர் வீட்டில் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? "அப்பா ஒன்பது மணிக்கு டிவியை அணைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கார்" என்று விதியை நினைவூட்டலாம். அது அவர் போட்ட விதி, நீங்கள் காவல் மட்டும்.

இதில் பெற்றவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பிள்ளை உங்கள் துணையிடம் மரியாதை இல்லாமல் பேசினால் நீங்கள்தான் அதே இடத்தில் குறுக்கிட வேண்டும். "சின்னப் பிள்ளைதானே" என்று சிரித்து மழுப்பினால் வந்தவர் அந்த வீட்டில் தனியாளாகிவிடுவார். பிள்ளைக்கு அன்பில்லாமல் இருக்க உரிமை உண்டு, அவமதிக்க உரிமை இல்லை. இதைப் பிள்ளையிடமே சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

பெற்றவரும் பிள்ளையும் தனியாக இருக்கும் நேரத்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் வெட்டாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்கள் இருவர் மட்டும் டீக்கடைக்கோ, நூலகத்துக்கோ, கோயிலுக்கோ போய்வரட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள். எல்லோரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நினைப்பது அசதியைத்தான் தரும்.

நன்றியைப் பழக்கமாக்குவது

நம் வீடுகளில் வாய்விட்டு நன்றி சொல்லும் பழக்கம் குறைவு. சொல்லாமலே புரியும் என்பது பிறந்ததிலிருந்து கூட இருப்பவர்களுக்குச் சரி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மற்றவர் மனது தெரியாது, சொன்னால்தான் தெரியும். "நீ தம்பிக்கு லேஸ் கட்டிவிட்டதைப் பார்த்தேன், எனக்குக் காலையில பெரிய உதவி" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். "நீ ரொம்ப நல்ல பிள்ளை" என்ற பொதுப் பாராட்டைப் பிள்ளைகள் நம்புவதில்லை. பார்த்ததைச் சொன்னால் நம்புகிறார்கள்.

2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரம் ஒரு முறை, 10 வாரங்களுக்கு, நன்றியோடு நினைக்கும் ஐந்து விஷயங்கள் வரை எழுதியவர்கள், எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். இதற்கு டைரி வாங்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாள்தான். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விருப்பமோ அவர்கள் அதில் வீட்டில் ஒருவர் செய்த நல்லதை எழுதிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவோம். மாதக் கடைசியில் எடுத்துப் படிப்போம். "அப்பா என் பேனாவுக்கு ரீஃபில் வாங்கி வந்தார்" என்று ஒரு வரி இருக்கும். எழுதாதவர்களைக் கேட்காதீர்கள். கட்டாயம் என்று ஆனால் அது ஹோம்வொர்க். முதலில் பெரியவர்கள் இருவரும் விடாமல் எழுதுங்கள், அதிலும் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள். ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் அடிக்கடி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லாதவருக்கு ஓர் இடம்

இறந்தவரின் போட்டோ ஹாலில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். அதற்கு மாலை மாற்றும் வேலையை, மனமிருந்தால், நீங்களே செய்யுங்கள். வட மாவட்டங்களில் பல குடும்பங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வணங்கிப் புதுப்புடவை வைத்துப் படைக்கிறார்கள். வீட்டில் நல்லது நடக்கும் முன் அந்தப் படையல் உண்டு. போனவர்களைக் குடும்பத்திலிருந்து விலக்காத பழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது. திதி, அமாவாசைப் படையல் என்று எது வந்தாலும் பிள்ளைக்கு நாளை நினைவூட்டுங்கள். அவள் அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கச் சொல்லுங்கள். அம்மாவை நினைத்தால் சித்தி வருத்தப்படுவாள் என்ற பயம் போனாலே பிள்ளை பாதி இளகிவிடும்.

விவாகரத்து ஆனவர்களுக்கு நிலைமை வேறு. பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ இன்னொரு வீட்டில் உயிரோடு இருக்கிறார். நீதிமன்றம் குறித்துக் கொடுத்த சந்திப்பு நாட்களை உங்கள் விசேஷங்களுக்காகத் தள்ளாதீர்கள். அவரைப் பற்றிப் பிள்ளை எதிரில் ஒரு சொல்லும் தப்பாகப் பேசாதீர்கள், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும். அங்கே போய் வந்த அன்று பிள்ளை முகம் கொடுத்துப் பேசாது. "அங்க என்ன சொன்னாங்க?" என்று விசாரிக்காமல், சாப்பாடு போட்டுத் தூங்கவிடுங்கள்.

மாமன் யார்?

காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று வரும்போது தாய்மாமன் கேள்வி எழும். பெற்ற தாயின் அண்ணன் தம்பிதான் தாய்மாமன். மறுமணத்தால் அது மாறாது. புதிய மனைவியின் சகோதரரும் பிள்ளைமேல் பாசம் வைத்து மாமன் முறையில் வருவார். இரண்டு பேருக்கும் இடம் உண்டு, ஆனால் முதல் தட்டு பெற்றவள் பக்கத்துக்கு. இதை விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசிவிடுங்கள். பந்தலில் வைத்துப் பேசினால் பெண் குழந்தை அழும்.

எங்கள் மகளின் சடங்கின்போது என் தம்பி தானாகவே "அவங்க மாமா முதல்ல வைக்கட்டும்க்கா, நான் பின்னாடி வர்றேன்" என்று ஒதுங்கி நின்றான். அவளுடைய மாமா சீர் வைத்து முடித்துவிட்டு என் தம்பியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்கு அன்றே இரண்டு பேருக்கும் தாம்பூலத்தோடு வாய்விட்டு நன்றி சொன்னோம். நீங்களும் அப்படிச் சொல்ல மறக்காதீர்கள்.

காகிதங்கள்

பாசம் ஒரு பக்கம் வளரட்டும், இவற்றை முதல் சில மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். இங்கே சொல்வது பெரும்பாலும் இந்துச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு.

விவாகரத்துத் தீர்ப்பு வந்தவுடன் மறுமணம் செய்துவிட முடியாது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்திருக்க வேண்டும், இல்லை மேல்முறையீடு தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும். வக்கீலிடம் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய திருமணத்தைப் பதிவு செய்யுங்கள்.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில், இயற்கைக் காப்பாளர், அதாவது சட்டம் தானாகவே பிள்ளைக்குப் பொறுப்பாளராக ஏற்பவர், என்பதில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்று தெளிவாகவே இருக்கிறது. அதேபோல, உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகள் பட்டியலில் துணையின் பிள்ளை இல்லை. நீங்கள் சொந்தமாக நினைத்து வளர்த்த பிள்ளைக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது. பிள்ளையின் அம்மா விட்டுப்போன நகை, இன்சூரன்ஸ் பணம் எல்லாவற்றையும் தனியாகப் பட்டியல் எழுதி ஆச்சி வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். சந்தேகம் எழாமலிருந்தால் உறவு நிற்கும்.

சட்டப்படியும் பிள்ளையாக்கிக்கொள்ள விரும்பினால் துணையின் பிள்ளையைத் தத்தெடுக்க வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். பெற்றவர்களில் இன்னொருவர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதமும் தேவைப்படும். பள்ளியில் இனிஷியல் மாற்றும் எண்ணம் இருந்தால் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தந்தை இறந்த பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயர் என்று முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. தாயின் இரண்டாவது கணவரை ஆவணங்களில் மாற்றாந்தந்தை என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை, பிள்ளையின் மனதை எப்படிப் பாதிக்கும் என்று யோசிக்காத கொடுமை என்ற பொருளில் கண்டித்தது.

குடும்ப அட்டையில் பெயர் நீக்கல், சேர்த்தலை உடனே செய்யுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் அதுதான் அடிப்படை. வங்கி, பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினி பெயரைப் பாருங்கள். கணவரை இழந்த பெண் மறுமணம் செய்தால் தமிழக அரசின் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டத்தில் 8 கிராம் தங்க நாணயமும், படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் உண்டு. ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனைகளை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

மேலே சொன்ன பேப்பர்நவ் ஆராய்ந்த குடும்பங்களில், வேகமாக ஒட்டியவர்களுக்கே சுமார் 4 வருடம் பிடித்தது. பலருக்குச் சுமார் 7 வருடம். முதல் பொங்கலிலேயே எல்லோரும் சிரித்தபடி ஒரே பானை முன் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சந்தோஷம் சின்னச் சின்னதாக வரும். கதவை உள்ளே தாழ்ப்பாள் போடும் பிள்ளை ஒரு நாள் போடாமல் விடும். கடைக்குப் போகும்போது "உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்கும். அந்தக் காலண்டர் தாளில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் சண்டை வரும்போது படிக்க.

உங்கள் இருவருக்கும் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்றால், முன்னிருக்கும் பிள்ளைகளுக்கு வெளியார் வாயிலாகத் தெரியவிடாதீர்கள். பேர் வைக்கும்போது அவர்களையும் கேளுங்கள். சின்னதை ஒரு மணி நேரம் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள்.

கை மீறுவதுபோல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்து வாரக்கணக்கில் இருந்தால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ குழந்தைகள் ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் யாராவது பிள்ளையை அடித்தாலோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டாலோ குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பிள்ளைக்கே அந்த எண்ணைச் சொல்லிவையுங்கள். சட்ட உதவிக்கு 15100. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் குடும்ப நிலையைச் சொல்லி, அம்மா, அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நாட்களில் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.